மொழி தெரியாத அமெரிக்கர்களுக்குப் பதம் சொல்லிக்கொடுத்த பாலசரஸ்வதி!

நூறு வருஷத்துக்கு முன்னாடி, சென்னை ஜார்ஜ் டவுன்ல ஒரு வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா அங்கே ஆட்கள் கூடுவாங்க. பெரிய வித்வான்கள், வக்கீல்கள், ரசிகர்கள்னு எல்லாரும் உண்டு. மைக் கிடையாது, மேடை கிடையாது. வீணை தனம்மாள் உட்கார்ந்து மென்மையா மீட்டுவார், கூடவே மெல்லப் பாடுவார். வயசான காலத்துல அவருக்குக் கண் பார்வையும் போயிருந்தது. ஆனா காது? யாராவது இருமினாலும், பக்கத்துல இருக்கிறவர்கிட்ட கிசுகிசுத்தாலும் அவருக்குப் பிடிக்காது. அந்த வீட்டுக்குள்ள வர்றவங்க முதல்ல கத்துக்க வேண்டியது பாட்டு இல்லை, சும்மா இருக்கிறது எப்படிங்கறதைத்தான்.

அந்த வீட்டுப் பேத்திதான் 1918-ம் வருஷம் மே 13-ம் தேதி பிறந்த பாலசரஸ்வதி.

பரதநாட்டியம்னாலே வரிசையா வர்ற பெயர்கள்ல ஒண்ணு அவருடையது. பத்ம விபூஷண், சங்கீத கலாநிதி, சத்யஜித் ரே எடுத்த ஆவணப்படம்னு விருதுப் பட்டியல் நீளம். அது விக்கிப்பீடியாவுலயே கிடைக்கும். நாம பார்க்கப்போறது வேற ஒரு விஷயம். ஆடவே தெரியாம, சில நேரம் மொழியே தெரியாம வந்து நின்னவங்களை அவர் எப்படி உள்ளே சேர்த்துக்கிட்டார்ங்கறது. ஏன்னா, அவரை உள்ளே சேர்த்துக்க ஊருக்கு ஒரு காலத்துல அவ்வளவு தயக்கம் இருந்தது.

வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பு

பாலாவின் குடும்பம் தஞ்சாவூர் அரண்மனையோடு தொடர்புள்ள இசைக் குடும்பம். தனம்மாளின் பாட்டி காமாட்சி ஆடியவர். அதுக்கப்புறம் ஆட்டம் விட்டுப்போய் பாட்டும் வீணையும்தான் மிஞ்சின. இப்படியிருக்க, குட்டிப் பொண்ணு பாலாவுக்கு ஆட ஆசை வந்தது. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலைச் சேர்ந்த கௌரி அம்மாள் ஆடுறதைப் பார்த்துதான் அந்த ஆசைன்னு சொல்வாங்க. ஆனா காலம் சரியில்லை. கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கணும்னு பிரசாரம் தீவிரமாகிக்கிட்டு இருந்த நேரம் அது. அந்தப் பிரசாரத்துக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. சிறுமிகளின் வாழ்க்கை அதுல சிக்கியிருந்தது. ஆனா வழக்கத்தைத் திட்டுறவங்க, கூடவே ஆட்டத்தையும் ஆடுறவங்களையும் சேர்த்தே திட்டினாங்க. அப்படிப்பட்ட நேரத்துல ஒரு பொண்ணை ஆட அனுப்புறதான்னு சொந்தக்காரங்க கேட்டாங்க. அம்மா ஜெயம்மாள் மசியலை. பாலாவுக்குப் பின்பாட்டுப் பாடவும் அவரே உட்கார்ந்தார்.

குரு கந்தப்ப பிள்ளை. தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்தவர். கண்டிப்புன்னா சாதாரணக் கண்டிப்பு இல்லை. விடியக்காலைல தொடங்கும் பயிற்சி, பிறகு மறுபடியும் சாயங்காலம். ஒரே அடவை மணிக்கணக்கா செய்யச் சொல்றது, தாளம் கொஞ்சம் நழுவினாலும் முதல்லேருந்து தொடங்கச் சொல்றது. இப்போ எந்தக் குழந்தைகிட்டயாவது இப்படி நடந்துக்கிட்டா பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்லயே பஞ்சாயத்து ஆகிடும். ஆகணும்தான். பாலா பெரியவரான பிறகு குருவைப் பத்தி நன்றியோடதான் பேசினார். அந்த நன்றியை மதிக்கலாம். அதுக்காக அந்த முறையையே அப்படியே எடுத்துக்கணும்னு இல்லை.

1925-ல், ஏழு வயசுல, காஞ்சிபுரத்துல ஒரு அம்மன் கோயில்ல அரங்கேற்றம். அதுக்கப்புறமும் படிப்பு நிக்கலை. அபிநயத்துக்கு கௌரி அம்மாளும் சின்னையா நாயுடுவும், வரிக்கு வரி கற்பனையா அபிநயம் பிடிக்கிற வித்தைக்கு குச்சிப்புடி வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரியும் கிடைச்சாங்க. ஒரே குருவைத் தவிர வேற யார்கிட்டயும் போகக்கூடாதுன்னு சொல்ற நாட்டியப் பள்ளிகள் இன்னிக்கும் உண்டு. பாலாவின் கதையைப் பார்த்தா அந்த விதி எந்த ஊர்லேருந்து வந்ததுன்னு கேட்கத் தோணுது.

ஆடத் தெரிஞ்சும் மேடை இல்லை

1934-ல் கல்கத்தாவில் ஆடினார். தென்னிந்தியாவுக்கு வெளியே இந்த ஆட்டத்தைப் பார்க்காதவங்க முன்னாடி ஆடின முதல் சந்தர்ப்பம் அது. உதய் சங்கருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பிறகு இமயமலை அடிவாரத்துல அல்மோராவில் அவர் தொடங்கின கலை மையத்துக்கு கந்தப்ப பிள்ளையே போய் சொல்லிக்கொடுத்தார். ஜார்ஜ் டவுன்ல ஒரு சிறுமிக்கு விடியக்காலைல தட்டுக்கழி தட்டினவர், ஊர் ஊரா வந்த இளைஞர்களுக்கு அல்மோராவுல அடவு சொல்லிக்கொடுத்தார். 1941-ல் கந்தப்ப பிள்ளை இறந்துபோனார்.

பாலாவுக்கு அது பெரிய இடி. கூடவே உடம்பும் படுத்த ஆரம்பிச்சது. மேடைகள் குறைஞ்சன. 1947-ல் மதராஸ் மாகாணத்துல பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் வந்தது. வரவேண்டிய சட்டம்தான். ஆனா அதே காலத்துல வசதியான குடும்பத்துப் பெண்கள் பரதநாட்டியத்தைக் கௌரவமா கத்துக்க ஆரம்பிச்சிருந்தாங்க. பரம்பரையா ஆடினவங்க வீட்டுப் பெண்கள் மட்டும் மெல்ல மெல்ல மேடையை விட்டு இறங்கினாங்க. கலை இருந்தது, கலைக்குச் சொந்தக்காரங்க இல்லை.

நம்ம பக்கமும் இது நடந்த கதைதான். ஆரம்பகால கிராமபோன் ரெக்கார்டுகள்ல சேலம் கோதாவரின்னு ஒரு பாடகி பேர் பிரபலம். ஊர்ப் பெயரையே முதலெழுத்தா வெச்சுக்கிட்டு பாடின அந்தத் தலைமுறைப் பெண்களை இன்னிக்கு சேலத்துலயே எத்தனை பேருக்குத் தெரியும்?

பாலாவின் தனிவாழ்க்கையும் இந்தக் காலத்துலதான் அமைஞ்சது. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே.சண்முகம் செட்டியார்தான் அவருடைய துணை. 1943-ல் மகள் லட்சுமி பிறந்தார். 1953-ல் செட்டியார் காலமானார்.

பள்ளிக்கூடம் தொடங்கினப்போ...

அதே 1953-ல் சென்னை மியூசிக் அகாடமியின் ஆதரவுல பாலாவின் நாட்டியப் பள்ளி தொடங்கினது. அறிஞர் வே.ராகவன் இதுக்கு முக்கியத் துணை. அவருடைய மகள்கள் பிரியம்வதாவும் நந்தினியும் அங்கே கத்துக்கிட்டவங்க. கந்தப்ப பிள்ளையின் மகன் கணேசன் பாலாவுக்கு நட்டுவாங்கம் செய்தார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தன் சமூகத்துப் பெண்கள் இந்தக் கலையை ஆடினா ஊர் முகம் சுளிக்கிற காலம். அதே கலையைக் கத்துக்க வந்து நின்னவங்க பெரும்பாலும் வேற வீட்டுப் பிள்ளைகள். அவர் கதவைச் சாத்தியிருந்தா யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. சாத்தலை. ஆனா வந்தவங்களுக்காகப் பாடத்தை எளிமையாக்கவும் இல்லை. பதங்கள்ல இருக்கிற காதல் ரசத்தைக் கொஞ்சம் சுத்தப்படுத்தணும்னு ருக்மிணி தேவி மாதிரி ஆளுமைகள் நினைச்சப்போ, சிருங்காரம்தான் இந்த ஆட்டத்தின் உயிர், அதுல சுத்தம் செய்ய எதுவும் இல்லைன்னு வெளிப்படையா சொன்னவர் பாலா. புதுசா வர்றவங்க கூச்சப்படுவாங்கன்னு கலையை மாத்தறதைவிட, அவங்க கூச்சம் போற வரைக்கும் காத்திருக்கிறது மேல்னு நினைச்சவர் மாதிரிதான் அவருடைய வாழ்க்கை தெரியுது.

ஒரு முரண். அத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவரின் சொந்த மகள் மேடையேறினது 1970-கள்லதான். லட்சுமிக்கு அப்போ முப்பது வயசை ஒட்டி. தான் பட்ட அவமானம் மகளுக்கு வேணாம்னு ஒரு தாய் நினைச்சிருந்தா அதுல ஆச்சரியம் இல்லை.

மாடி வகுப்பும் கும்மித் திடலும்

இங்கே ஒரு சின்ன விலகல். சேலத்துல ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி பக்கம் சாயங்காலம் நடந்து போனா, ஏதாவது ஒரு மாடியிலிருந்து தட்டுக்கழி சத்தம் கேட்கும். வகுப்புக்குள்ள நுழையறப்போ செருப்பை வெளியே விடறது, ஆடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் தரையைத் தொட்டுக் கும்பிடறது, குரு இருக்கும்போது பக்கத்துல நிக்கிறவளோட அடவை நீ திருத்தாம இருக்கிறது... எல்லாம் எழுதி ஒட்டாத விதிகள். கடைசி விதி ரொம்ப முக்கியம். புதுசா சேர்ந்த பொண்ணுக்கு ஏற்கெனவே கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்க்கிட்டு இருக்கும். நாலு சீனியர்கள் நாலு விதமா திருத்தினா அடுத்த வாரம் அவ வரமாட்டா.

நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் வள்ளி கும்மிப் பயிற்சி நடக்கிற இடங்கள்ல வேற மாதிரி. ஆசிரியர் பாடுவார். வட்டத்துல எல்லாரும் ஒண்ணாத்தான் நிப்பாங்க. புது ஆள், முன்னாடி போறவங்க காலைப் பார்த்தே அடியெடுத்து வெச்சுக் கத்துக்கணும். ஐம்பது வயசு அக்காவும் பத்து வயசுப் பையனும் ஒரே வட்டத்துல தப்பு பண்றதால யாருக்கும் வெட்கம் இல்லை. வேலை முடிஞ்சு வந்தவங்க, தறியை நிறுத்திட்டு வந்தவங்க எல்லாம் கொஞ்ச நாள்ல அரங்கேற்றத்துக்கே தயாராகிடுவாங்க.

கடல் தாண்டியும் இதே கதைதான். இங்கிலாந்துல 1973-ல் விகன் கேசினோன்னு ஒரு ஹால்ல ராத்திரி முழுக்க சோல் இசை போட்டு ஆட ஆரம்பிச்சாங்க. அங்கே வாத்தியாரே கிடையாது. புதுசா வந்தவங்க ஓரமா நின்னு பார்த்துப் பார்த்துதான் கத்துக்கிட்டாங்க. கையில டம்ளரோட ஆடுற இடத்துக்குள்ள போகக்கூடாதுங்கறது அந்த மாதிரி இரவுகள்ல இன்னிக்கும் அடிப்படை மரியாதை. நம்ம ஊர் செருப்பு விதிக்கு அங்கே டம்ளர் விதி, அவ்வளவுதான்.

1962, அமெரிக்கா

1961-ல் டோக்கியோவில் நடந்த கிழக்கு-மேற்கு இசை சந்திப்புல பாலா ஆடினார். அடுத்த வருஷம் அமெரிக்கா. 1962-ன் தொடக்கத்துல அமெரிக்க ஹிட் பட்டியல்ல முதலிடத்துல இருந்தது சப்பி செக்கரின் ட்விஸ்ட் பாட்டு. யாரும் யார்கிட்டயும் கத்துக்காம, இடுப்பை ஆட்டினாலே போதும்னு நாடே ஆடிக்கிட்டு இருந்த நேரம். அதே வருஷம் மாசசூசெட்ஸ்ல ஜேக்கப்ஸ் பில்லோ நாட்டிய விழாவுல, நாற்பத்து நாலு வயசுல, பட்டுப்புடவையில, பாடிக்கிட்டே ஆடினார் பாலா. அங்கே நிறைய பேர் அவரைப் பார்த்து அசந்துபோனாங்க. வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பிச்சார். தம்பிகள் ரங்கநாதன் மிருதங்கமும் விஸ்வநாதன் புல்லாங்குழலும் அமெரிக்க மாணவர்களுக்குக் கத்துக்கொடுத்தாங்க. பின்னாளில் கலிபோர்னியாவிலும் வேற பல்கலைக்கழகங்கள்லயும் வகுப்புகள் தொடர்ந்தன. 1963-ல் எடின்பரோ விழாவிலும் ஆடினார்.

அமெரிக்க மாணவர்களைப் பத்தி யோசிச்சா ஒரு விஷயம் புரியும். அரைமண்டின்னா என்னன்னு தெரியாது. ஆதி தாளம் தெரியாது. தெலுங்கும் தெரியாது, தமிழும் தெரியாது. பதம்னா க்ஷேத்ரய்யர் தெலுங்குல எழுதின பாட்டா இருக்கும். நாயகி கோவிச்சுக்கிட்டு இருக்கா, தோழி தூது போறா, இதுல எந்தச் சொல்லுக்கு எந்தக் கண் அசைவுன்னு அவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

பதத்தின் அமைப்பே இதுக்கு வழி. ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவாங்க. ஒவ்வொரு தடவையும் ஆடுறவங்க அதே சொல்லுக்கு வேற ஒரு அர்த்தம் காட்டணும். ஒருமுறை கோபம், ஒருமுறை கெஞ்சல், ஒருமுறை சும்மா ஒரு பார்வை. பாட்டை உள்ளே வாங்கிக்கிட்டாத்தான் இது வரும். அதனாலதான் பாலாவோட பாணியில ஆட்டமும் பாட்டும் ரெண்டு பாடம் இல்லை, ஒண்ணுதான். ஆட வந்தவங்க பாடக் கத்துக்கணும். குரல் நல்லாயிருக்கான்னு யாரும் கேட்கலை, பாட்டு உள்ளே போயிருக்கான்னுதான் கேள்வி. கை முத்திரையை மட்டும் காப்பியடிக்கிற மாணவருக்கு அங்கே ரொம்ப தூரம் போக முடியாது. ரீல்ஸ்ல ஸ்டெப் பார்த்து ஆடுற நமக்கு இது கொஞ்சம் குத்தும்!

அதே நேரம், அவர்கிட்ட வந்தவங்க தன்னைப் போலவே ஆடணும்னு எதிர்பார்க்க முடியாது. அபிநயம் மேடையில அந்த நிமிஷம் பிறக்கிறது. அவருடைய புகழ்பெற்ற 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி இருந்ததுன்னு பார்த்தவங்க சொன்னாங்க. அப்படிப்பட்டவரைக் காப்பியடிச்சா, நேத்து ஆடினதைத்தான் காப்பியடிக்க முடியும்.

ரங்கநாதன்கிட்ட மிருதங்கம் கத்துக்க வந்த டக்ளஸ் நைட்டுங்கற அமெரிக்க இளைஞர், லட்சுமியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு பாலாவின் மருமகன் ஆனார். 2010-ல் பாலாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதினதும் அவர்தான். புது ஆளை எவ்வளவு தூரம் உள்ளே விட்டாங்கன்னு தெரிஞ்சுக்க இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

கோபுரத்துலேருந்து தொடங்கு

1973-ல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. பாடகர்களுக்கும் வாத்தியக் கலைஞர்களுக்கும் மட்டுமே போய்க்கிட்டு இருந்த அந்தப் பட்டத்தை வாங்கின முதல் நாட்டியக் கலைஞர் அவர். 1975-ல் தமிழ் இசைச் சங்கத்தின் விழாவில் அவர் நிகழ்த்தின உரை இன்னிக்கும் நாட்டிய வகுப்புகள்ல பேசப்படுது. ஒரு முழுக் கச்சேரியை ஒரு கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம். ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம். சப்தம் பெரிய மண்டபம். வர்ணத்துல தெய்வத்தின் சந்நிதிக்கு வந்தாச்சு. பதம்ங்கறது வெளிச் சத்தம் எல்லாம் அடங்கி, கருவறையில தெய்வத்தோட தனியா நிக்கிற நேரம். தில்லானாவில் மணிச் சத்தத்தோட கற்பூர ஆரத்தி.

இதைக் கச்சேரியின் வரிசைன்னுதான் எல்லாரும் படிக்கிறாங்க. எனக்கு இது புதுசா கத்துக்க வர்றவங்களுக்கான வழிகாட்டி மாதிரியும் தெரியுது. கோபுர வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கு, யாரும் வரலாம். ஆனா நுழைஞ்ச உடனே கருவறைக்கு ஓட முடியாது. அலாரிப்புல கண், கழுத்து, தோள்னு உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமா திறக்கிறதுதான் முதல் பாடம். மூணு மாசத்துல அரங்கேற்றம் பண்ணித் தர்றோம்னு போர்டு வைக்கிற வகுப்புகளைப் பார்த்தா பாலா என்ன நினைச்சிருப்பாரோ!

பள்ளி வயசுல கல்கத்தாவில் பாலாவின் ஆட்டத்தைப் பார்த்த சத்யஜித் ரே, பல வருஷம் கழிச்சு 1976-ல் 'பாலா' ஆவணப்படத்தை எடுத்தார். அதுல கடற்கரையில, காத்துல புடவை பறக்க, கிருஷ்ணனைக் கூப்பிட்டு ஆடுறார். வயசு ஐம்பத்தெட்டு. உடம்பு கனத்திருக்கு. முகம் மட்டும் குழந்தையைத் தேடுற தாயா மாறிடுது. பாலாவை இன்னைய தலைமுறை சலனப்படத்துல பார்க்கிறது பெரும்பாலும் இந்தப் படத்தாலதான். இளமையில் அவர் ஆடினதைப் பார்த்தவங்க, ரே பத்து இருபது வருஷம் முன்னாடியே கேமராவைத் தூக்கியிருக்கலாமேன்னு ஆதங்கப்பட்டாங்க. அந்த ஆதங்கம் நியாயம்தான். ஆனா மெலிஞ்ச உடம்பும் வேகமான காலும்தான் ஆட்டம்னு நினைச்சு 'எனக்கெல்லாம் இது வராது'ன்னு தள்ளி நிக்கிறவங்க முதல்ல பார்க்க வேண்டியது இந்த ஐம்பத்தெட்டு வயசு பாலாவைத்தான்.

1977-ல் பத்ம விபூஷண் கிடைச்சது. 1984 பிப்ரவரி 9-ம் தேதி சென்னையில் காலமானார். அவருக்குப் பிறகு லட்சுமி இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஆடியும் சொல்லிக்கொடுத்தும் வந்தார். 2001-ல் அவரும் இறந்துபோனார். இப்போ பேரன் அனிருத்தா நைட் ஆடுறார். தனம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமையில யாரும் இருமக்கூட பயந்த அதே பதங்களை, அந்தப் பேரன் பாடிக்கிட்டே ஆடுறார்.